பாய் இறங்கிய காலம்

நெய்யாறு அணைக்குப் பக்கத்தில் கள்ளிக்காடு எங்கள் ஊர். 1956-ல் தென் திருவிதாங்கூரின் நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. எல்லை வந்த பிறகும் எங்கள் அயனித் தடிகள் பாறசாலை, களியக்காவிளை வழியாகத் தூத்துக்குடிக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன. உப்புத் தண்ணீரில் எளிதில் உளுத்துப்போகாத மரம் என்பதால் தோணி கட்டுகிறவர்கள் அயனியைத் தேடி வாங்குவார்கள். எழுபதுகளில் அப்பா அனுப்பிய தடி லாரியில் ஏறிப்போன நான், அங்கேயே ஒரு தோணிப் பட்டறையில் ஓடாவி வேலைக்கு, அதாவது தோணித் தச்சு வேலைக்கு, நின்றுவிட்டேன்.

பட்டறையில் வரைபடம் என்று ஒன்று கிடையாது. அடிமரத்தைப் போட்டு, அணியத்தை நிறுத்தி, வங்குகள் என்னும் விலாக்கட்டைகளை வளைவு பார்த்துப் பொருத்துவார் மேஸ்திரி. அளவு எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "காகிதத்துல என்னலே இருக்கு? கண்ணு சொல்லணும், கை கேக்கணும்" என்றார். பலகைகளின் இடுக்கில் பஞ்சுத் திரியைச் செருகி உளிவைத்து அடிப்பது என் வேலை. திரி இறுகினால் சுத்தியல் சத்தம் கெட்டியாகும். அந்தச் சத்தம் வரும்வரை அடிக்கவேண்டும். அதன்மேல் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவோம்.

தூத்துக்குடியிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 150 கடல் மைல். வெங்காயம், வற்றல் மிளகாய், ஓடு என்று வயிறு நிறைய ஏற்றிக்கொண்டு தோணிகள் பாய் விரிக்கும். காற்று வாகாக அமைந்தால் இரண்டு நாளில் கரை தெரியும். காற்று விழுந்துவிட்டால் நடுக்கடலில் நாள்கணக்கில் கிடக்கவேண்டும்; மூட்டையிலேயே வெங்காயம் முளைவிடும். வெள்ளி பார்த்து, நீரோட்டம் பார்த்து, தண்ணீரின் நிறம் பார்த்துத் திசை சொன்ன தண்டல்களை, தோணித் தலைவர்களை, நான் அறிவேன். பள்ளிக்கூடம் போகாத அவர்களை நம்பித்தான் முதலாளியின் பணமும் கலாசிகளின் உயிரும் கடலேறின.

1983 ஜூலை இனக்கலவரத்தில் கொழும்பு எரிந்தது. எங்கள் சரக்கை வாங்கி விற்ற புறக்கோட்டையில் தமிழர் கடைகளுக்குத் தீ வைத்தார்கள். வீடிழந்தவர்களைக் கப்பலில் ஏற்றிக் காங்கேசன்துறைக்கு அனுப்புகிறார்கள் என்று செய்தி வந்தது. எங்கள் தோணிக்காரர்களுக்கு அது வெறும் செய்தியல்ல. அந்தக் கடைகளில் சாப்பிட்டவர்கள், அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கிப் போனவர்கள் அவர்கள். கணக்குப்பிள்ளை முதல் கலாசி வரை எல்லாரும் தெரிந்தவர்களின் பெயரைச் சொல்லி விசாரித்துக்கொண்டே இருந்தார்கள். பலரைப் பற்றிப் பதிலே வரவில்லை.

அதன் பிறகு எங்கள் பட்டறைத் தோணிக்குச் சரக்கு வரவில்லை. ஓடாத தோணி வெயிலில் காயும், பலகை சுருங்கும், இடுக்கு வாய்பிளக்கும். அந்த எண்பதுகளிலேயே மற்ற தோணிகளில் எஞ்சின் ஏறியது. எஞ்சினின் அதிர்வைத் தாங்க எங்கள் தோணிக்கு வலு இல்லை என்று முதலாளி முடிவெடுத்தார். திரி அடித்த நாங்களே ஆணி பிடுங்கினோம். பலகையை அறுத்தபோது உள்ளே அயனி பொன்மஞ்சளாகவே இருந்தது. ஆணி எடைக்குப் போனது. பாய் உப்பள லாரிக்குப் படுதாவானது. மேஸ்திரி அன்றைக்குச் சாப்பிடவில்லை.

பாய்க்கப்பலின் இந்த முடிவு உலகெங்கும் நடந்ததுதான். 1878-ல் ஸ்காட்லாந்தில் கட்டிய 'ஃபால்ஸ் ஆஃப் கிளைட்' என்ற இரும்புப் பாய்க்கப்பல் முதன்முதலில் கராச்சிக்கு வந்தது. சில ஆண்டுகள் இந்திய வணிகத்தில் ஓடியது. பின்பு எண்ணெய்க் கப்பலாகி, கடைசியில் ஹொனலுலுவில் அருங்காட்சியகமானது. 1989-ல் அதை அமெரிக்க தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். பராமரிக்க முடியாமல் சிதைந்த அதை 2025 அக்டோபரில் ஆழ்கடலில் மூழ்கடித்தார்கள். அந்தக் கப்பலுக்கு ஆவணங்களாவது மிஞ்சின. எங்கள் தோணியின் அளவெல்லாம் மேஸ்திரியின் கண்ணில் இருந்தது, அவரோடு போய்விட்டது.

தூத்துக்குடியிலிருந்து எஞ்சின் தோணிகள் இன்றும் மாலத்தீவுக்குப் போகின்றன. பாய் விரித்து ஓட்டிய தண்டல்களிலும் முதிய ஓடாவிகளிலும் சிலராவது இருப்பார்கள். அவர்கள் இருக்கும்போதே அவர்கள் சொல்வதைப் பதிவுசெய்யுங்கள்; அவர்கள் கைப்பட ஒரு பாய்த்தோணி கட்டவையுங்கள். அரசும் துறைமுகமும் தோணி முதலாளிகளும் சேர்ந்தால் இது ஆகாத காரியமல்ல.