லீவில் ஒரு ஆர்.டி.ஓ. ஆபீஸ்

பஸ் ஸ்டாண்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் இருக்கும். ஆட்டோவுக்கு 120 ரூபாய். "ஆளைப் பிடிச்சா ஒரே நாள்ல முடிஞ்சிடும் சார்" என்று சொல்லித்தான் டிரைவர் இறக்கிவிட்டார். பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை, அவர்களே பிடிக்கிறார்கள். ஜெராக்ஸ் கடை நிழலில் நின்றவர் என் பையைப் பார்த்ததுமே "வெளிநாடா சார்?" என்றார். சிங்கப்பூர் என்றதும் 3,500 கேட்டார். அரசின் சாரதி இணையதளத்தில் நான் முந்தைய நாளே பணம் கட்டியிருந்தேன்: லைசென்ஸ் புதுப்பிக்க 200, அட்டைக்கு 200, மேலே கொஞ்சம் சில்லறைக் கட்டணங்கள்.

என் லைசென்ஸ் காலாவதியாக இன்னும் சில மாதம் இருக்கிறது. ஓராண்டு முன்னதாகவே புதுப்பிக்கலாம் என்பதால், கிடைத்த லீவிலேயே வந்துவிட்டேன். நாற்பது தாண்டியவர்களுக்கு டாக்டர் தரும் படிவம் 1ஏ வேண்டும். எதிர்ச் சாரியில் கிளினிக், 300 ரூபாய். சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டி, "இன்னைக்கு என்ன நட்சத்திரம்?" என்றார் டாக்டர். வாசித்தேன். கண் பரிசோதனை அவ்வளவுதான்.

ஆபீஸுக்குப் பின்னால் எட்டுப் போடும் மைதானம். புழுதியும் பெட்ரோல் வாசனையுமாக இருந்தது. மீசை அரும்பிய பையன்கள் வரிசையில் நரைத்த தலை ஒன்று. துபாயில் டிரெய்லர் ஓட்டுகிறாராம். லைசென்ஸ் முடிந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. "அஞ்சு வருஷம் வரைக்கும் டெஸ்ட் கிடையாதுன்னாங்க தம்பி." 2019 சட்டத் திருத்தத்துக்கு முன்பு அப்படித்தான், இப்போது ஓராண்டு தாண்டினாலே மறுபடி டெஸ்ட். நாற்பது அடி நீள வண்டியை வளைக்கிறவர், ஸ்கூட்டரில் எட்டின் இரண்டாவது வளைவில் கால் ஊன்றிவிட்டார். பையன்கள் சிரிக்கவில்லை, அடுத்து அவர்கள் முறை.

உள்ளே போட்டோ, கையெழுத்து எல்லாம் பத்து நிமிஷம்தான். புரோக்கருக்கு இதில் என்ன வேலை என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

"கார்டு?"

"கையில தர்றதில்ல சார், தபால்ல வீட்டுக்கே வந்திடும்." தமிழ்நாட்டில் 2024 முதல் இப்படித்தான். ஆனால் கவுன்டரில் இருந்தவரின் முதுகுக்குப் பின்னால் அலமாரியில், ரப்பர் பேண்ட் போட்ட தபால் உறைகள் கட்டுக்கட்டாக இருந்தன. மேலே இருந்ததில் சிவப்பு மையில் 'கதவு பூட்டு' என்று எழுதியிருந்தது.

"அதெல்லாம் யாரோடது?"

"திரும்பி வந்தது. பாதி உங்களை மாதிரி வெளிநாட்டுக்காரங்கதான். அடுத்த லீவுல வந்து கேப்பாங்க."

என் வீடும் ஞாயிற்றுக்கிழமையோடு பூட்டுதான். கவுன்டரை விட்டு நகராமலே பக்கத்து வீட்டு அத்தைக்குப் போன் போட்டு, தபால்காரர் நம்பரை வாங்கிவைக்கச் சொன்னேன்.