வலிக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை

ஆனி, மாங்கனித் திருவிழா

பாரதியார் வீதியில் பிச்சாண்டவர் உலா வருகிறார். மாடிகளிலிருந்து மாம்பழங்களை வீசுகிறார்கள். கீழே வேட்டியை விரித்துப் பிடிக்கிறவர்கள் ஒரு பக்கம், புடவைத் தலைப்பில் ஏந்துகிறவர்கள் ஒரு பக்கம். காரைக்காலே தெருவில் நிற்கும் இந்த நாளில், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் வயிற்றில் வெந்நீர்ப் பையோடு வீட்டுக்குள் படுத்திருக்கிறார். வலது அடிவயிற்றில் பிசைகிற வலி. வரும், ஓரிரு நாள் இருக்கும், போய்விடும். போய்விட்டது என்று நம்பி ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினால் மறுபடி வரும்.

முதலில் அதற்கு ‘கேஸ்’ என்று பெயர். மெடிக்கல் ஷாப்பிலேயே வைத்தது. அடுத்து ‘அல்சர்’, காரமும் புளியும் இலையை விட்டுப் போயின. எண்டோஸ்கோபியில் புண் இல்லை என்று வந்ததும் ‘ஐபிஎஸ்’ (எரிச்சல் குடல் நோய்) ஆயிற்று. டென்ஷனைக் குறையுங்கள் என்றார்கள். ரிட்டயர் ஆனவருக்கு என்ன டென்ஷன் என்று மனைவி கேட்டார். எதிர்வீட்டுப் பாட்டி தம் பங்குக்குச் சூலை என்றார்: “அப்பர் சாமிக்கே வந்ததுப்பா. திருவதிகை போயிட்டு வா.” பாட்டியின் வைத்தியத்திலாவது பத்தியம் இல்லை.

வயிற்றுநோய் இந்த ஊருக்குப் புதிதல்ல. 2022இல் வயிற்றுப்போக்கு பரவி, சிலருக்குக் காலரா என்று உறுதியானதும், ஜூலை 3 அன்று காரைக்காலில் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்தார்கள், பள்ளிக்கூடங்களை மூடினார்கள். அது பெயர் தெரிந்த நோய். உப்புச் சர்க்கரைக் கரைசல், கொதித்த தண்ணீர், குளோரின் என்று செய்ய வேண்டியதும் தெரியும். வந்து வந்து போகிற வலிக்காக யாரும் பள்ளிக்கூடத்தை மூடுவதில்லை.

ஆடி

புது டாக்டர் மாத்திரை எழுதவில்லை. “வலியை எழுதிக்கிட்டு வாங்க சார்” என்றார். வாத்தியாருக்குப் பிடித்த வேலை. நோட்டில் கட்டம் போட்டார்: நேரம், சாப்பாடு, வலித்த இடம், வெளிக்குப் போனது, காய்ச்சல், எடை.

நாளாக நாளாக, மீன் குழம்பின் மேல் அவர் வைத்திருந்த சந்தேகம் கட்டத்தில் நிற்கவில்லை. கோலா மீன் தின்ற நாளில் வலி இல்லை. கஞ்சி குடித்த நாளில் வலி. ஆட்டம் காட்டாமல் ஒரே திசையில் போனது எடை மட்டும்தான். வீட்டில் எடை பார்க்கும் கருவி இல்லாததால், அரிசிக் கடை எடைமேடையில் ஏறி எழுதியது அது. ‘ஐபிஎஸ்’ என்று சொல்ல மருத்துவர்களிடம் ஓர் அளவுகோல் இருக்கிறது. 2016இல் திருத்திய ரோம் விதிகள். மூன்று மாதமாகச் சராசரியாக வாரத்தில் ஒரு நாளாவது வலி, அது மலம் கழிப்பதோடு தொடர்புடையதாக இருப்பது என்று போகும். ஆனால் எடை இறங்கினாலோ, ரத்தம் போனாலோ, ஐம்பது வயதுக்குமேல் புதிதாகத் தொடங்கினாலோ அந்தப் பெயரோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. நோட்டைப் புரட்டிய டாக்டர் எடைக் கட்டத்தில் விரலை வைத்தார். கொலோனோஸ்கோபி.

ஆவணி

பரிசோதனைக்கு நாள் கிடைக்கும்வரை வாத்தியார் கணிதமேதை ராமானுஜனின் வரலாற்றை எடுத்து வைத்துக்கொண்டார். காரைக்காலில் கடல் சேரும் அரசலாறு கும்பகோணத்தைத் தொட்டுக்கொண்டுதான் வருகிறது. கணக்கு வாத்தியார்களுக்கு அந்த ஊர்க்காரர் உறவு மாதிரி. முப்பது வருஷம் சூத்திரங்களுக்காகப் படித்த புத்தகத்தை இந்த முறை வயிற்றுக்காகப் படித்தார்.

1906இல் பச்சையப்பன் கல்லூரியில் படிக்கையில் ராமானுஜனுக்குக் கடும் சீதபேதி, ஊர் திரும்பினார். 1914இல் கேம்பிரிட்ஜ். 1917இல் படுத்தார். வலி, விட்டு விட்டுக் காய்ச்சல், எடைக் குறைவு. முதலில் இரைப்பைப் புண் என்றார்கள். பிறகு காசநோய். பழைய விரைவீக்க அறுவையை வைத்துப் புற்றுநோயோ என்று ஒருவர் சந்தேகப்பட்டார். ரத்தம் நஞ்சாகிவிட்டது என்றும் பேச்சு. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு படுக்கை. காசநோய் என்ற பெயர்தான் அவரை மாட்லாக் சானடோரியத்துக்கு அனுப்பியது. ஜன்னல்களைத் திறந்துபோட்டுக் குளிர்காற்றில் கிடத்துவதே அன்றைய சிகிச்சை. கும்பகோணத்து உடம்புக்கு இங்கிலாந்துக் குளிர் மருந்து! அதற்குமுன் அவரைப் பார்த்தவர்களில் சௌரிமுத்து என்ற நம்மூர் மருத்துவரும் உண்டு; 1928இல் தாம்பரம் சானடோரியம் தொடங்கியவர் இவரே.

1919 ஏப்ரலில் ராமானுஜன் சென்னை திரும்பினார். கோடைக்குக் கொடுமுடி, செப்டம்பரில் கும்பகோணம், பிறகு மறுபடி சென்னை. இங்கேயும் காசநோய் என்றே பார்த்தார்கள். மனைவி ஜானகி அம்மாள் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்க, அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். மாக் தீட்டா சார்புகளைப் பற்றி, தம்மைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த ஹார்டிக்கு எழுதிய கடிதத்தின் தேதி 1920 ஜனவரி 12. ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் இறந்தபோது வயது 32.

1994இல் டி.ஏ.பி. யங் என்பவர் பழைய கடிதங்களையும் குறிப்புகளையும் கிளறி, அது கல்லீரலில் இறங்கிய அமீபாவாக இருக்கலாம் என்று வாதாடினார். சீதபேதி தரும் அமீபா ஆண்டுக்கணக்கில் குடலில் பதுங்கியிருந்து கல்லீரலைப் பிடிக்கக்கூடியது. உடம்பைத் தொடாமல் எழுபது ஆண்டு கடந்து சொன்னது தீர்ப்பாகாது. ஆனாலும் வாத்தியாரை உறுத்தியது வேறு: அமீபாவுக்கு எமட்டின் ஊசி கேட்கும் என்று லியோனார்ட் ராஜர்ஸ் கல்கத்தாவில் 1912இலேயே காட்டியிருந்தார்.

புரட்டாசி

கொலோனோஸ்கோபிக்குக் குடிக்கும் பேதி மருந்தைக் காரைக்காலில் குடித்துவிட்டுப் புதுச்சேரிக்குப் பஸ் ஏற முடியாது. முந்தின நாளே போய் மச்சினர் வீட்டில் தங்கினார். சாதாரண நாளிலேயே அவருக்கு அந்த வழி ஊர்களாகத் தெரிவதில்லை. சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று கழிப்பறைகளாகத்தான் தெரியும்.

சிறுகுடல் பெருங்குடலில் சேரும் இடத்தில் புண்கள் தெரிந்தன. துணுக்கு எடுத்துப் பார்த்ததில் அழற்சி உண்டு, உறுதியாக ஒன்றும் இல்லை. டாக்டர் மழுப்பாமல் சொன்னார்: குடல் டிபியாக இருக்கலாம், குரோன்ஸ் என்னும் குடல் அழற்சி நோயாக இருக்கலாம். இரண்டும் அதே இடத்தைத்தான் பிடிக்கும். டிபியை குரோன்ஸ் என்று எண்ணி ஸ்டீராய்டு கொடுத்தால் டிபி பரவும். ஆகவே முதலில் டிபி மாத்திரை. இரண்டு மாதம் கழித்து மறுபடி உள்ளே பார்த்துப் புண் ஆறியதா என்று முடிவு செய்வது. இந்திய மருத்துவமனைகளில் இது பழகிய வழி.

ஐப்பசி

அடைமழை. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது; ரிஃபாம்பிசின் வேலை, பயப்பட ஒன்றுமில்லை. மாத்திரை இலவசம், சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் மத்திய அரசு தருகிறது.

பிரான்சில் இருக்கும் மகள் ரிப்போர்ட்டை அங்கே ஒரு டாக்டரிடம் காட்டியிருக்கிறாள். “குரோன்ஸாத்தான் இருக்கும்னு சொல்றாங்கப்பா. ஏன் டிபி மாத்திரை சாப்பிடுறீங்க?” வாத்தியாருக்குக் கோபம் வரவில்லை, உற்சாகம் வந்தது. போனிலேயே நிகழ்தகவு பாடம் எடுத்தார். அங்கே குரோன்ஸ் அதிகம், இங்கே டிபி அதிகம். அதே புண்ணை அங்கே ஒரு மாதிரியும் இங்கே ஒரு மாதிரியும் ஊகிப்பது இரண்டு பேருக்கும் சரிதான் என்றார். “அப்போ உங்களுக்கு என்னப்பா நோய்?” என்றாள் மகள். கார்த்திகைக் கடைசியில் பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

வலி குறைந்திருக்கிறது, அது மாத்திரையாலா, வழக்கம்போல் வந்து போகிற இடைவெளியா என்று நோட்டால் சொல்ல முடியவில்லை. எடை அரைக் கிலோ ஏறியிருக்கிறது. வீட்டில் இப்போதைய தகராறு கொடுவா மீன் வாங்கலாமா என்பது. டாக்டர் தாராளமாகச் சாப்பிடச் சொல்லிவிட்டார். மனைவி இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.