ரோமக் கோட்டுக்காரர்

ஒஸ்லோ குறொன்லாண்டில கத்தரிக்காயும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு நடக்கேக்க காதில பிரேசில் பாடகர் கயெத்தானோ வெலோசோ. 1971இல வந்த இசைத்தட்டு. நான் கேட்டது இண்டைக்குத்தான்.

பிரேசில் எண்டால் சம்பா, கொண்டாட்டம் எண்டு நினைச்சிருந்தன். இந்த மனுசனை இராணுவ ஆட்சி 1968இல பிடிச்சு அடைச்சிருக்கு. அடுத்த வருசம் நாட்டைவிட்டு லண்டன். அட்டையில ரோமம் வைச்ச தடிச்ச கோட்டு, தாடி, சிரிப்பில்லாத முகம். எங்கட ஆக்கள் வந்த புதிசில ஊருக்கு எடுத்தனுப்பின படங்கள் மாதிரியே. (நாங்கள் சிரிச்சனாங்கள், அது வேற கதை.)

பாட்டுகள் பெரும்பாலும் ஆங்கிலம். கடைசியா ‘ஆசா பிராங்கா’, வறட்சியில ஊரைவிட்டுப் போறவன்ர பழைய பாட்டு, போர்த்துக்கீசில. ஒரு சொல்லும் விளங்கேல்ல. ஒரு கட்டத்தில அவரும் சொல்லை விட்டிட்டு தொண்டையாலயே முனகுறார்.

ஆக்கர்செல்வா ஆத்துப் பாலத்தில நிண்டு, கையுறையைக் கழட்டி, அந்தப் பாட்டை மட்டும் திருப்பிப் போட்டன்.