உத்தமபாளையத்தில் ஒரு கோடை

சென்ற கோடையில் எங்கள் இளைய மகனும் மருமகளும் கம்பம் பள்ளத்தாக்கில் மூன்று வாரம் தங்கிவிட்டு வந்தார்கள். அவர்களுக்குத் திருமணமாகி நான்கு மாதமே ஆகியிருந்தது. எங்கேனும் வெளிநாடு போவார்கள் என்று நான் நினைத்திருக்க, அவர்கள் சென்னையிலிருந்து போடி ரயிலேறிப் போய், சின்னமனூரில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, பகலில் மடிக்கணினியில் அலுவல் பார்த்து, மாலையிலும் விடுமுறை நாள்களிலும் ஊர் சுற்றியிருக்கிறார்கள்.

வந்த அன்று மருமகள் கைப்பேசியில் படங்களைக் காட்டிக்கொண்டே வந்தாள். சுருளித் தீர்த்தம், கூடலூர்ப் பக்கத்துத் திராட்சைப் பந்தல், லோயர் கேம்பில் பென்னிகுவிக் மணிமண்டபம் என்று ஒவ்வொன்றாகக் கடந்தன. ஒரு படத்தில் என் மனைவி, "கொஞ்சம் நிறுத்தம்மா" என்றாள். தேவதானப்பட்டி மூங்கிலணை காமாட்சியம்மன் கோயிலின் முகப்பு அது.

"உள்ளே படம் எடுக்கவில்லை, அத்தை. அங்கே விக்ரகமே இல்லையாமே! கதவுக்குத்தான் பூஜையாமே!" என்றாள் மருமகள்.

"தெரியும்" என்றாள் என் மனைவி. வேறொன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

1988ஆம் ஆண்டு, மாசி மாதம் எங்கள் திருமணம். நான் மாயவரத்துக்காரன், அவள் கும்பகோணம். அவளுடைய தந்தையார் முந்தைய ஆண்டுதான் காலமாகியிருந்தார். வருடம் திரும்புவதற்குள் பெண்ணின் திருமணத்தை முடித்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் அவசரப்பட்டார்கள். தாய்மாமன் தாரை வார்த்துக் கொடுத்தார். நாங்கள் இருவரும் அதற்குமுன் பேசியது பெண் பார்த்த அன்று இரண்டு வாக்கியம். அதிலும் ஒன்று என் தாயார் சொல்லிக்கொடுத்து நான் சொன்னது.

சித்திரை பிறந்ததும் வங்கியிலிருந்து உத்தரவு வந்தது. உத்தமபாளையம் கிளையில் ஓர் அதிகாரி நீண்ட விடுப்பில் போவதால், ஜூன் முதல் வாரம்வரை அவர் இடத்தில் நான் பணியாற்ற வேண்டும். தனியாகப் போய்விடலாம் என்றே எண்ணினேன். "புதுப்பெண்ணை விட்டுவிட்டா போவாய்?" என்று தந்தையார் அதட்டவே, அவளையும் அழைத்துக்கொண்டு கிளம்பினேன். மதுரையிலிருந்து போடிக்கு அப்போது மீட்டர் கேஜ் பாதை. 1928இல் போட்ட பாதை அது. ரயில் அதன் வயதுக்கேற்ற நிதானத்தில்தான் ஓடும். ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டியதும் மூன்று பக்கமும் மலை எழுந்து நின்றது. காவிரிக் கரையில், மலையைப் படத்தில் மட்டுமே கண்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி வந்தாள். தேனியில் இறங்கிப் பேருந்து மாறினோம். அதுவரை அவள் பேசியது, "தண்ணீர் வேண்டுமா?" என்ற ஒரு கேள்விதான்.

உத்தமபாளையத்தில் திருக்காளாத்தீஸ்வரர் கோயிலுக்கு அருகே ஒரு மாடிப் பகுதி கிடைத்தது. தென்காளஹஸ்தி என்று அந்தப் பக்கத்தார் போற்றும் தலம். காலையில் ஞானாம்பிகை சந்நிதி மணியோசை எங்கள் அடுக்களைவரை கேட்கும். கீழே வீட்டுக்கார அம்மாள், தனிக்கட்டை, வாய் ஓயாதவர். அவரோடு என் மனைவி நன்றாகத்தான் பேசிக்கொண்டிருப்பாள். நான் படியேறும் ஓசை கேட்டதும் பேச்சு நின்றுவிடும். இது எனக்கு முள்ளாய்த் தைத்தது.

அந்தக் கிளையில் எனக்கு வேலை திராட்சைத் தோட்டக்காரர்களின் கடன் விண்ணப்பங்களைப் பார்ப்பது. கல்தூண் நட்டு, கம்பி வலை இழுத்து, அதன்மேல் கொடியைப் படரவிடுவார்கள். பன்னீர் திராட்சை. மற்ற ஊர்களில் ஆண்டுக்கு ஒருமுறை காய்ப்பது இங்கே மூன்று முறைகூடக் காய்க்கும். ஒவ்வொருவரும் வெவ்வேறு நாளில் கவாத்து செய்வதால், எந்த மாதத்திலும் எங்கேனும் ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும். அந்தப் பழத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று படித்தபோது, பழைய கணக்குப் பேரேடு ஒன்றை மீண்டும் புரட்டியது போலிருந்தது எனக்கு. இந்தச் செழிப்பெல்லாம் மேற்கே ஓடிக் கடலில் கலந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய அணையால் வந்தது. 1895இல் கட்டி முடித்த பென்னிகுவிக்கின் படத்தை அங்கே பூஜை அறையிலேயே வைத்திருக்கிறார்கள். பன்னீர் திராட்சையைத் தோட்டக்காரர்கள் அன்போடு ஒரு பை நிறையக் கொடுத்தனுப்புவார்கள். கடன் கேட்பவரிடம் பழம் வாங்கலாகாது என்று நான் மறுத்துவிடுவேன். ஒருநாள் காசு கொடுத்து ஒரு கிலோ வாங்கிப் போனேன். அவள் கழுவித் தட்டில் வைத்து என் முன்னால் நகர்த்திவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பேச்சுத்தான் இல்லையே தவிர, ஊர் பார்க்கக் கூப்பிட்டால் உடனே புறப்பட்டு விடுவாள். குச்சனூரில் சுரபி நதிக்கரையில் சுயம்பு சனீஸ்வரருக்கு எள் தீபம் ஏற்றினோம். சின்னமனூரில் பூலாநந்தீஸ்வரரைத் தரிசித்தோம். பாண்டியர் பரம்பரையையும், அவர்கள் மதுரையில் சங்கம் வைத்ததையும், மகாபாரதத்தைத் தமிழில் பெயர்த்ததையும் சொல்லும் செப்பேடுகள் கிடைத்த ஊர் அது என்று நான் விளக்க, தலையசைத்துக் கேட்டுக்கொண்டாள். நான் பாடம் நடத்தும் வாத்தியார் போலவும், அவள் மணி அடிக்கக் காத்திருக்கும் மாணவி போலவும் எனக்குத் தோன்றியது.

அவ்வாண்டு சித்ரா பௌர்ணமி மே முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை. மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு அன்று ஒரு நாள்தான் போக முடியும் என்று கிளையில் சொன்னார்கள். கூடலூரை அடுத்த பளியன்குடியிலிருந்து காட்டு வழியே மலையேற வேண்டும். நாலாயிரம் அடிக்கு மேல் உயரம். அவளால் முடியாது என்று நினைத்தேன். முடியாமல் உட்கார்ந்தவன் நான்தான். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, முன்னால் போன கிராமத்துப் பெண்களோடு அவள் ஏறிக்கொண்டே இருந்தாள்.

மேலே இடிந்த கற்கோயில். சுவர் சாய்ந்து, கூரை பெயர்ந்து, கல்லின்மேல் கல் கிடந்தது. ஒருபுறம் கம்பம் பள்ளத்தாக்கு பச்சைப் பாய் விரித்தாற்போலத் தெரிய, மறுபுறம் தேக்கடிக் காடு. சிலப்பதிகாரம் சொல்லும் கண்ணகி கோட்டம் இதுவே என்று பேராசிரியர் சி. கோவிந்தராசனார் 1963இல் அடையாளம் காட்டிய வரலாற்றை அங்கேயும் நான் தொடங்கிவிட்டேன். மதுரையை எரித்தபின் வைகைக் கரையோடு மேற்கே நடந்து, மலையேறி, வேங்கை மர நிழலில் நின்றாள். பதினான்காம் நாள் கோவலன் வானவரோடு வந்து அழைத்துச் சென்றான் என்று சொல்லிக்கொண்டு போனேன்.

அப்போது அவளாக ஒரு கேள்வி கேட்டாள். "அவள் நம் ஊர்ப் பக்கத்துப் பெண்தானே? பூம்புகாருக்கு ஏன் திரும்பிப் போகவில்லை?"

திருமணமான இரண்டு மாதத்தில் அவள் என்னைக் கேட்ட முதல் கேள்வி. நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "கணவனை இழந்தவள் எந்த முகத்தோடு பிறந்த வீட்டுக்குப் போவாள்?" என்றேன். அவள் முகம் மாறியது. இறங்கும் வழியெல்லாம் ஒரு சொல் இல்லை.

பிறந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்பதைத்தான் சுற்றி வளைத்துக் கேட்கிறாள் என்று நான் முடிவு கட்டினேன். அன்றிரவு அவள் உறங்கியபின், முற்றத்து விளக்கில் என் தந்தையாருக்கு ஓர் இன்லேண்டு கடிதம் எழுதினேன். "இவளுக்கு என்னோடு வாழ மனமில்லை என்று தோன்றுகிறது. ஆடிக்கு அழைத்துப் போகும்படி அவர்கள் வீட்டுக்கு எழுதுங்கள். அதற்குப் பிறகு திருப்பி அனுப்புவதைப் பற்றி யோசிக்கலாம்." ஒட்டி, விலாசம் எழுதி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். தபால் பெட்டி வங்கிக்குப் போகும் வழியில்தான் இருந்தது. தினமும் அதைக் கடந்து போனேன். இரண்டு வாரம் அந்தக் கடிதம் சட்டைக்குச் சட்டை மாறிக்கொண்டிருந்தது.

இடையில் வீரபாண்டித் திருவிழா. கௌமாரியம்மன் சந்நிதி முன் நட்ட முக்கொம்புக் கம்பத்துக்கு முல்லையாற்றிலிருந்து குடம் குடமாய்த் தண்ணீர் எடுத்துவந்து ஊற்றுகிறார்கள். அக்கினிச் சட்டி ஏந்தி வருகிறார்கள். பார்வை இழந்த பாண்டிய மன்னன் வழிபட்டுக் கண் பெற்றான் என்று சொல்லப்படும் கண்ணீஸ்வரமுடையார் கோயிலும் அங்கேதான். அந்தக் கூட்டத்தில் அவள் கை தவறிவிடக் கூடாதே என்று மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அவள் விடுவித்துக்கொள்ளவில்லை. ஆனாலும் கடிதத்தை நான் கிழிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அமாவாசை. விடியலில் அவள் எழுந்து தலைக்குக் குளித்துவிட்டு, "இன்றைக்கு ஏதாவது அம்மன் கோயிலுக்குப் போகலாமா?" என்றாள். வீட்டுக்கார அம்மாள்தான் வழி சொன்னார். "மூங்கிலணைக்குப் போயிட்டு வாங்க தம்பி. மனசுல உள்ளத ஆத்தாகிட்ட சொல்லிட்டு வரட்டும் புள்ள."

தேனி, பெரியகுளம் என்று பேருந்து மாறித் தேவதானப்பட்டியில் இறங்கி, மஞ்சளாற்றங்கரைக்கு வெயிலில் நடந்தோம். உள்ளே போனதும் எனக்குத் திகைப்பு. கருவறைக் கதவு சாத்தியிருக்கிறது. கதவின் முன்னால் நெய்விளக்கு. தேங்காய் உடைப்பதில்லை; பழம் உரிப்பதில்லை; அப்படியே நிவேதனம். கதவுக்கு மாலை, கதவுக்கு ஆரத்தி. நடை திறக்கட்டும் என்று நான் ஓரமாக நின்றேன். என் மனைவியும் கைகூப்பி நின்றிருந்தாள். "எப்போது திறப்பீர்கள்?" என்று பூசாரியை அவள் கேட்டாள்.

"தொறக்கிறதில்ல தாயி. கதவத்தான் கும்புடணும். ஆத்தா உள்ள இருக்கா. கண்ணால பாத்தாத்தான் இருக்கான்னு அர்த்தமா?" என்றார் அவர், சாதாரணமாக, ஆரத்தித் தட்டை நீட்டியபடியே.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். குரலெடுத்து அழுதாள். சுற்றியிருந்த பெண்கள் யாரும் வியக்கவில்லை. ஒரு கிழவி வந்து முதுகைத் தடவிக் கொடுத்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

வெளியே ஆற்றங்கரை மர நிழலில் அவள் சொன்னாள். முந்தைய ஆண்டு வைகாசி அமாவாசையன்று அவள் தந்தையார் காலமானார். அவள் திருச்சியில் விடுதியில் தங்கிப் பட்டப்படிப்பின் இறுதித் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு தேர்வு பாக்கி. படிப்புக் கெட்டுவிடும் என்று செய்தியை மறைத்துவிட்டார்கள். கடைசித் தேர்வு முடிந்து வெளியே வந்தபோது மாமன் வாசலில் நின்றார். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. "நான் அப்பா முகத்தைப் பார்க்கவே இல்லை" என்றாள். "இன்று முதல் வருடத் திதி. தம்பி கும்பகோணத்தில் செய்கிறான். கல்யாணமான பெண்ணுக்கு அதில் பங்கில்லை, வர வேண்டாம் என்று மாமா எழுதிவிட்டார். உங்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை."

திருமணத்துக்கு ஏன் அத்தனை அவசரம் என்பதற்குக் காரணமே அந்த மரணம். எனக்கு அது தெரியும். ஆண்டு முடியும் நாள் எது என்று ஒருமுறைகூட நான் கேட்டதில்லை. கடன் தவணை எந்தத் தேதியில் முடிகிறது என்பதைப் பேரேட்டைப் பார்க்காமலே சொல்லக் கூடியவன் நான்.

கண்ணகியைப் பற்றிக் கேட்டாயே, அது ஏன் என்றேன். "கதையில் அவளுடைய அப்பா துறவியாகிவிடுகிறார், அம்மா உயிரை விட்டுவிடுகிறாள் அல்லவா? திரும்பிப் போனால் யார் இருப்பார்கள் என்று நினைத்தேன். எனக்கும் அப்பா இல்லாத வீடுதானே? இனி எனக்கு நீங்கள் இருக்கும் இடம்தான் என்று சொல்ல வந்தேன். அதற்குள் நீங்கள் வேறு ஏதோ சொல்லிவிட்டீர்கள்" என்றாள்.

என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. வியர்வையில் நனைந்து விலாசத்து மை பரவியிருந்தது.

பெரியகுளத்தில் பேருந்துக்குக் காத்திருந்தபோது மாம்பழம் வாங்கினேன். கத்தி இல்லை. காம்பைக் கடித்துத் துப்பிவிட்டு இருவரும் உறிஞ்சிச் சாப்பிட்டோம். தேனி வரும்வரை அவள் தன் தந்தையாரைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். அவர் மூக்குப்பொடி போடுவது, தம்புரா மீட்டத் தெரியாமலே மீட்டுவது, மகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும்போது கோபம் வந்து எழுந்து போவது, பிறகு வாசலில் நின்று 'வாம்மா' என்று கூப்பிடுவது. உத்தமபாளையத்தில் இறங்கியபோது வீட்டுக்கார அம்மாள் திண்ணையில் இருந்தார். எங்கள் பேச்சொலி கேட்டு நிமிர்ந்து பார்த்து, ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் மோர் கொண்டுவந்தார்.

மறுநாள் அந்தக் கடிதத்தை வங்கியில் தேநீர் போடும் அடுப்பில் வைத்தேன். எஞ்சிய மூன்று வாரத்தில் நாங்கள் பார்த்த இடங்கள் குறைவு. மாலையில் வீடு திரும்பினால் பேசவே நேரம் சரியாக இருந்தது.

முப்பத்தாறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. வைகாசி அமாவாசையன்று எங்கள் வீட்டில் ஒரு நெய்விளக்கு ஏற்றுகிறோம். தேங்காயை உடைக்காமல் வைக்கிறோம். அவளுக்கு இப்போது முழங்கால் வலி. கண்ணகி கோட்டம் இனி இல்லை. ஆனால் மூங்கிலணைக்குக் கோயில் வாசல்வரை கார் போகிறது என்று மருமகள் சொல்கிறாள். இந்த ஆண்டு அமாவாசைக்குப் போக டிக்கெட் எடுத்தாயிற்று.

அந்தக் கடிதத்தைப் பற்றி மட்டும் அவளிடம் நான் இதுவரை சொன்னதில்லை. இந்த இதழ் எங்கள் வீட்டுக்கு வாராவாரம் வருகிறது. முதலில் பிரித்துப் படிப்பவள் அவள்தான்.