இரும்பின் குரல்

பாலக்காடும் இடுக்கியும் கேரளத்தின் கிழக்கெல்லையில் உள்ள மாவட்டங்கள். எனினும், எல்லையோரமாகவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல விரும்புவோர் தமிழ்நாட்டு மண்ணைக் கடந்தே ஆகவேண்டும். கொழிஞ்சாம்பாறையில் புறப்பட்டு, பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, சின்னாறு வழியாக மறையூருக்கு ஏறும் அப்பாதையில் இம்முறை நம்முடன் உலோகங் காணும் கருவி ஒன்றும் வந்தது. மெட்டல் டிடெக்டர் என்றால் எல்லார்க்கும் விளங்கும். அயல்நாட்டில் வாழும் நம் இளைஞர் சிலர் இதனை ஏந்திக் கடற்கரைகளில் உலவுகின்றனர். விடுமுறையில் ஊருக்கும் கொண்டுவர விழைகின்றனர். ஆதலின் இதனைப் பற்றிச் சற்று விரித்தெழுதுகிறோம்.

கோலின் நுனியிலுள்ள சுருளில் மாறு மின்னோட்டம் பாய்ந்து, மண்ணுக்குள் காந்தப் புலத்தைச் செலுத்துகிறது. அங்கே உலோகம் இருப்பின், அதனுள் சுழல் மின்னோட்டம் எழுந்து எதிர்ப் புலம் ஒன்றைத் திருப்பி அனுப்பும். அவ்வெதிரொலியின் வலிமையையும் தாமதத்தையும் கணித்துக் கருவி குரல் கொடுக்கிறது. பெரும்பாலான கருவிகளில் இரும்புக்குத் தாழ்ந்த உறுமல். செம்புக்கும் வெள்ளிக்கும் உயர்ந்த மணியோசை. பொன் மோதிரம் இடையில் ஒலிக்கும். குளிர்பான டப்பாவின் அலுமினிய வளையமும் அதே இடத்தில்தான் ஒலிக்கும்! கருவி அறிவது உலோகத்தின் மின்கடத்தும் தன்மையையும் பருமனையுமே; விலையை அன்று.

கொழிஞ்சாம்பாறையில் நண்பர் ஒருவரின் தோட்டத்தில் நாமே சில பொருள்களைப் புதைத்துக் கேட்டோம். பழைய செப்புக் காலணா கணீரென்று உயர்ந்த குரலில் பேசிற்று. இக்காலத்து ஒரு ரூபாய் நாணயமோ இரும்பின் இனத்தோடு சேர்ந்து தடுமாறியது. 1992 முதல் அது துருவேறா எஃகில் வார்க்கப்படுகிறதன்றோ? அருகிருந்த வீட்டுப் பாட்டியார், "இந்தக் காலத்துக் காசுக்கு மதிப்பும் போச்சு, சத்தமும் போச்சு" என்றார். முன்னாளில் இப்பக்கத்தில் வழங்கிய வீரராயன் பொற்பணம் அரைக் கிராமும் எடையில்லாதது. அது பிஸ்கட் உறைத்தாளைப் போலவே மெல்ல முனகும். செவியை நம்பித் தேடுபவர் அதனைக் குப்பையென்று கடந்துவிடுவர்.

மேற்கே ஒற்றப்பாலத்துப் பக்கம் நிலைமை வேறு. அங்குள்ள செம்பாறை மண்ணில் இரும்பு மிகுதி. பொருள் ஒன்றும் இல்லாதபோதே மண் தானே பேசும். 1800இல் பாலக்காட்டு வழியாக மலையாள நாட்டிற்குள் வந்த புக்கானன், அங்காடிப்புறத்தில் இக்கல்லைக் கண்டு ஆராய்ந்து, 1807இல் வெளியிட்ட நூலில் 'லேட்டரைட்' என்று பெயரிட்டார். இத்தகைய நிலத்தில் சுருளைத் தரைக்கு மேல் உயர்த்தித் தாழ்த்தி, மண்ணின் ஓசை அடங்கும்வரை கருவியைச் சரிசெய்த பின்னரே தேட இயலும்.

பாலக்காட்டுக் கணவாய் உரோமானியப் பொன்னும் வெள்ளியும் கிழக்கே சென்ற வழி என்பதை நேயர்கள் அறிவர். கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842இலும் அதன் பின்னரும் உரோம வெள்ளிக் காசுகள் கிடைத்தன. உடுமலை வட்டத்துப் பூதிநத்தத்தில் 1891இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை வெளிப்பட்டன. எறணாகுளம் மாவட்டத்து வள்ளுவள்ளியில் 1983இல் கிடைத்த பொற்காசுகள் 252. இவ்வரலாறே கருவியுடையோரின் ஆசையைக் கிளறுவது. ஆனால் சட்டம் தெளிவாக உளது. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டவர் கலெக்டருக்கு எழுத்தில் அறிவித்தல் வேண்டும். கேரளம் 1968இல் தனக்கெனத் தனிச் சட்டமும் இயற்றியது.

சின்னாற்றுக் காட்டைக் கடந்து மறையூர் சேர்ந்தோம். (அவ்வூர் வெல்லத்திற்குத் தனிக் கட்டுரையே எழுதவேண்டும்.) பாறை மேடுகளில் பலகைக் கற்களை நிறுத்தி மூடுகல் வைத்த முனியறைகள் நிற்கின்றன. கருவியை நாம் பெட்டியிலிருந்து எடுக்கவேயில்லை. காசு தேடுவோர் முதலில் செய்வது, இரும்பின் உறுமல் கேளாதவாறு விசையைத் திருப்பிவிடுவது. பெருங்கற்கால ஈமச் சின்னங்களிலோ ஆராய்வோர் நாடுவது அவ்விரும்பையே. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 எனக் கணிக்கப்பட்டதாக 2022இல் தமிழ்நாட்டரசு அறிவித்தது. அக்கணிப்புக்கு ஆதாரம், இரும்பு கிடைத்த மண்ணடுக்கும் உடனிருந்த பொருள்களுமே. அவ்வடுக்கைக் குடைந்து ஒரு காசை எடுத்துச் சென்றவன் எதை அழித்தான் என்பது அவனுக்கே தெரியாது.

இரும்பைக் கேட்க விரும்பும் வேறொரு கூட்டமும் உண்டு. இந்தியக் காடுகள் பலவற்றில் வனத்துறையினர் இக்கருவி கொண்டு, சருகினடியே மறைத்து வைத்த இரும்புப் பொறிகளையும் கம்பிக் கண்ணிகளையும் தேடுகின்றனர். பன்றிக்கு வைத்த கண்ணியில் சிறுத்தை கழுத்தை நுழைத்து மாள்வது அரிதன்று. மறையூரில் நாம் சந்தித்த ஓய்வுபெற்ற வனக்காவலர் ஒருவரிடம், இரும்பொலியை அடக்கும் விசையைக் காட்டினோம். "எங்களுக்கு வேண்டிய சத்தமே அதுதானுங்க ஐயா, அதை அடைச்சுட்டு என்ன செய்ய?" என்றார். பற்கள் கொண்ட பொறி உரக்க உறுமும். மெல்லிய கம்பியோ நலிந்த ஓசையே தரும். ஆதலின் சுருளைத் தரையை ஒட்டி, முழங்கால் அகலத்துக்குமேல் வீசாமல், அடிமேல் அடிவைத்து நடக்கவேண்டும் என்று நடந்தே காட்டினார். அவர் வாசலைத் தாண்டி வேலியை அடைய ஐந்து நிமிடம் ஆயிற்று.