அக்கரைச் சக்கரம்

"இக்கரைக்கு அக்கரை பச்சை" என்ற பழமொழிக்கு ஐந்தாம் வகுப்பிலேயே பொருள் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவர்கள் நாங்கள். ஆனால் அதன் உண்மைப் பொருள் எங்களுக்கு விளங்கியது பதினோராம் வகுப்பில்தான். அதுவும் ஒரு சைக்கிள் டயரால்!

நாங்கள் ஐவரும் ஒரே ஊர். பள்ளிக்கு ஆறு கிலோமீட்டர். காலையில் வரிசையாகப் புறப்பட்டு, வாய்க்கால் கரையையும் வாழைத் தோட்டங்களையும் கடந்து, ரயில்வே மேம்பாலம் ஏறி இறங்கினால் பள்ளி மணியோசை கேட்கும். அந்தப் பாலத்து இறக்கத்தில்தான் அண்ணாச்சியின் சைக்கிள் கடை. காற்றடிக்க, பஞ்சர் ஒட்ட, வீல் கோட்டம் எடுக்க, எல்லாவற்றுக்கும் அவரே துணை. ஒரு காலத்தில் அந்தச் சாலையில் மூன்று சைக்கிள் கடைகள் இருந்தனவாம். இன்று இருப்பது அது ஒன்றுதான்.

சென்ற ஆண்டு எங்களில் இருவருடைய டயர்கள் தேய்ந்து வழுக்கையாகிவிட்டன. அண்ணாச்சி விலை சொன்னார்; மாட்டும் கூலியும் சொன்னார். "டயர் மாட்டுவதற்கு இவ்வளவு கூலியா?" என்று எங்களுக்குள் முணுமுணுத்தோம். அவரோ ரசீது தருவதில்லை, விலைப்பட்டியலும் கிடையாது. அந்த வேளையில் எங்களுள் ஒருத்தியின் அண்ணன் தம் கைப்பேசியில் ஒரு வெளிநாட்டுக் கடையைக் காட்டினார். அடடா! ஓரத்தில் சிவப்புக் கோடு ஓடும் அழகிய டயர்கள்! அண்ணாச்சி கடையிலோ எல்லாம் ஒரே கறுப்பு. "வெளிநாட்டுச் சாமான் உறுதியாக இருக்கும்" என்றாள் ஒருத்தி. "180 ரூபாய் மிச்சம்" என்றாள் இன்னொருத்தி. ஐவரும் சேமிப்பைக் கொட்டினோம். 26 அங்குல டயர் இரண்டு சோடி, அவற்றுடன் பிரேக் கட்டைகளும் வரவழைத்தோம்.

பார்சல் வந்து சேர 24 நாட்கள் ஆயின. அதுவரை அண்ணாச்சி கடையைக் கடக்கும்போதெல்லாம் வேகமாக மிதித்தோம். அவரை ஏறிட்டுப் பார்க்க ஏனோ மனம் கூசியது.

வந்த டயர்களோ ரிம்மில் ஏறவில்லை. ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் நழுவியது. அம்மாவின் கரண்டிக் காம்பு வளைந்ததுதான் மிச்சம். திருப்பி அனுப்பலாம் என்றால், அஞ்சல் செலவு டயர் விலையைவிட அதிகம்! அண்ணாச்சியிடம் போய்க் கேட்க வெட்கம். "பிரேக் கட்டையையாவது மாட்டுவோம்" என்று ஸ்பானர் எடுத்து நாங்களே முறுக்கினோம். பிரேக் பிடித்தது. பெருமைப்பட்டுக் கொண்டோம்.

பத்தாம் நாள் அரையாண்டுத் தேர்வு. பாலத்து இறக்கத்தில் 'டமார்' என்று ஓர் ஓசை! எங்களில் இளையவள் சைக்கிளோடு சாலையில் கிடந்தாள். பின்னால் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. கடையிலிருந்து ஓடிவந்து கையை நீட்டி அந்த லாரியை நிறுத்தியவர் அண்ணாச்சிதான். முழங்கையில் வழிந்த இரத்தத்தைக் கழுவித் துணி கட்டினார். ஆட்டோ பிடித்து எங்களைப் பள்ளிக்கு அனுப்பினார். அருட்சகோதரி ஒருவர் அவளை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். மூன்று தையல் போட்டார்கள். அவள் இடக்கைக்காரி அல்லள் என்பது ஒன்றே ஆறுதல். காயம் பட்டது இடக்கை. தாமதமாக வந்தாலும் தேர்வு எழுதிவிட்டாள்.

மாலையில் தலைகுனிந்து கடை வாசலில் நின்றோம். அண்ணாச்சி திட்டவில்லை. வெடித்த டயரைத் திருப்பிக் காட்டினார். "பாருங்க பிள்ளைகளா, பிரேக் கட்டை ரிம்மைப் பிடிக்கணும். நீங்க ஒரு நூல் மேலே ஏத்தி மாட்டிட்டீங்க. அது டயரை உரசி உரசி அறுத்துட்டு" என்றார்.

பிறகு, ஏறாத டயர்களையும் எடுத்துவரச் சொன்னார். எங்கள் பழைய டயரில் 26 × 1 3/8 என்று இருந்தது. புதியதில் 26 × 1.75 என்று இருந்தது. "ரெண்டும் 26தானே அண்ணாச்சி?" என்றோம். அவர் சிரித்துக்கொண்டே டயரின் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த இன்னோர் எண்ணைக் காட்டினார். எங்களுடையதில் 590, வந்ததில் 559. டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம் அது, மில்லிமீட்டரில். 31 மில்லிமீட்டர் வித்தியாசம்! பெயரளவில் இரண்டும் 26 அங்குலம். ஆனால் ஒன்றின் ரிம்மில் மற்றது ஏறாது. இதைத் தெரிந்துகொள்ள நாங்கள் கொடுத்த விலை, ஐவரின் சேமிப்பும் மூன்று தையலும்.

"இனி வெளிநாட்டுச் சாமானே வேண்டாம்!" என்று உறுதிமொழி எடுத்தோம். அதையும் அண்ணாச்சி ஒப்புக்கொள்ளவில்லை. அவருடைய அப்பா தொழில் பழகிய காலத்தில் பர்மிங்காமிலிருந்தும் நாட்டிங்காமிலிருந்தும் வந்த சைக்கிள்களைத்தான் பழுது பார்த்தாராம். பிரிட்டிஷ் நிறுவனம் ஒன்றின் கூட்டோடு 1949இல் தொடங்கப்பட்டதே நம் சென்னை அம்பத்தூரின் டி.ஐ. சைக்கிள்ஸ். இன்று அண்ணாச்சி கடையில் தொங்கும் பெடலும் செயினும் பெரும்பாலும் பஞ்சாபின் லூதியானாவிலிருந்து வருபவை. அதுவும் நம் ஊருக்கு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால்தானே! கியர் சைக்கிளுக்கு வேண்டிய நுட்பமான பாகங்களோ, 1921இல் ஜப்பானின் சக்காய் நகரில் ஒரு பிரீவீல் பட்டறையாகப் பிறந்த ஷிமானோ போன்ற நிறுவனங்களுடையவை. அவற்றை வேண்டாம் என்று சொன்னால் கியர் சைக்கிள் ஓடாது.

அப்படியானால் உள்ளூர் என்பது எது? நாங்கள் ஐவரும் அன்று இரவு நெடுநேரம் பேசினோம். பாகம் எந்த ஊரிலிருந்தும் வரலாம். அதை மாட்டும் கைதான் உள்ளூர். மாட்டியது சரியில்லை என்றால் மறுநாள் காலையில் போய்க் கேட்பதற்கு ஒரு முகம் வேண்டும்; விழுந்தால் ஓடிவர ஓர் ஆள் வேண்டும். நாங்கள் அநியாயம் என்று முணுமுணுத்த கூலி, அந்தக் கைக்கும் அந்த முகத்துக்கும் உரியது. எல்லோரும் 180 ரூபாய் மிச்சம் பார்த்தால் இந்த ஒரு கடையும் மூடப்படும். அப்புறம் ஐந்து ரூபாய்க்குக் காற்றடிக்க எந்தக் கடல் கடந்து போவது?

ஆயினும் ஒன்றை அண்ணாச்சியிடம் துணிந்து கேட்டோம்: "விலையை எழுதிப் போட்டிருந்தால் நாங்கள் சந்தேகப்பட்டிருக்க மாட்டோமே?" சற்று யோசித்தார். "எழுத்து நமக்கு வராது, நீங்களே எழுதுங்க" என்றார். இன்று கடை வாசலில் தொங்கும் பலகை எங்கள் கையெழுத்து! பஞ்சர், கோட்டம், டயர் மாற்ற, ஓவராயில் என்று ஒவ்வொன்றுக்கும் கூலி அதில் உண்டு. ஏறாத டயர்களை, 559 ரிம் உள்ள ஒரு கியர் சைக்கிளுக்கு மாட்டிவிட்டு, பாதிக்கு மேல் பணத்தையும் மீட்டுத் தந்தார்.

அன்புத் தோழியரே! இங்கே கிடைக்காததை எங்கிருந்தும் வரவழையுங்கள், தவறில்லை. ஆனால் வரவழைக்கும் முன் உங்கள் ஊர்க் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இப்போது நாங்கள் பாலத்து இறக்கத்தில் வேகமாக மிதிப்பதில்லை. மெல்ல இறங்கி, "வாறோம் அண்ணாச்சி!" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறோம்.

— 11ஆம் வகுப்பு மாணவியர் ஐவர்