மெர்லோ என்ற பெயரில் ஒளிந்திருந்த கார்மனேர்... சிலி நாட்டுச் சிவப்பு ஒயினின் கதை!

1994 நவம்பர் 24. தென் அமெரிக்க நாடான சிலியின் தலைநகர் சாண்டியாகோவுக்குத் தெற்கே, மைப்போ பள்ளத்தாக்கில் இருக்கிறது வின்யா கார்மென் திராட்சைத் தோட்டம். இலையையும் பூவையும் பார்த்தே திராட்சை ரகத்தைச் சொல்லிவிடும் பிரெஞ்சு நிபுணர் ழான்-மிஷேல் பூர்சிகோ அன்று அங்கே வந்திருந்தார்.

எல்லோரும் 'மெர்லோ' என்று அழைத்துவந்த கொடிகளின் பூக்களை உற்றுப் பார்த்தார். மகரந்தத்தாள்கள் முறுக்கிக்கொண்டிருந்தன. மெர்லோவுக்கு அப்படி இருக்காது. அது கார்மனேர்! ஏறக்குறைய அழிந்தே போனதாக உலகம் நினைத்திருந்த ரகம்.

வேரைத் தாக்கிய பூச்சி

கார்மனேரின் பூர்வீகம் பிரான்ஸின் போர்தோ பகுதி. 1860-களில் வட அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்சரா என்ற நுண்ணிய பூச்சி, திராட்சைக் கொடிகளின் வேர்களைத் தாக்கியது. தோட்டம் தோட்டமாகக் கொடிகள் பட்டுப்போயின. அமெரிக்கக் கொடியின் வேரில் ஒட்டுக்கட்டி, பிரான்ஸ் மறுபடியும் திராட்சை பயிரிட்டது. ஆனால், போர்தோவின் குளிரிலும் மழையிலும் கார்மனேர் பூக்கள் பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்துவிடும். சரியாகக் காய்க்காத கொடியை மீண்டும் நட யாரும் பெரிதாக ஆர்வம் காட்டவில்லை.

நல்லவேளையாக, பூச்சி வருவதற்கு முன்பே போர்தோ கொடிகள் கப்பலேறி சிலிக்குப் போயிருந்தன. கிழக்கே ஆண்டீஸ் மலை, மேற்கே பசிபிக் கடல், வடக்கே அட்டகாமா பாலைவனம். இந்த இயற்கை அரண்களும் கடுமையான கண்காணிப்பும் சேர்ந்து ஃபிலாக்சராவை சிலிக்குள் நுழையவிடவில்லை. அங்கே பல கொடிகள் இன்றும் ஒட்டுக்கட்டாமல் சொந்த வேரிலேயே நிற்கின்றன.

பெயர் தெரிந்தது... சுவை மாறியது!

கார்மனேர் பழுக்க மெர்லோவைவிடச் சில வாரங்கள் கூடுதலாக ஆகும். இது தெரியாமல் இரண்டையும் ஒரே நேரத்தில் பறித்துவிடுவார்கள். அதனால் ஒயினில் பச்சைக் குடைமிளகாய் வாசனை தூக்கலாக இருந்தது. குடைமிளகாயிலும் முற்றாத கார்மனேரிலும் இருக்கும் பைரசின் என்ற வேதிப்பொருள்தான் காரணம். வெயிலில் பழம் பழுக்கப் பழுக்க இது குறையும்.

உண்மையான பெயர் தெரிந்த பிறகு விவசாயிகள் காத்திருந்து பறிக்க ஆரம்பித்தார்கள். சுவையே மாறிவிட்டது. அடர்சிவப்பு நிறம், பிளம், பிளாக்பெர்ரி பழங்களின் சுவை, மிளகின் லேசான காரம், மெல்லிய துவர்ப்பு. குடைமிளகாய் வாசனை முழுவதும் போய்விடவில்லை. பின்னணியில் இதமாகத் தங்கிவிட்டது. சிலியின் பேயூமோ, கோல்சாகுவா பகுதிகளின் கார்மனேருக்குத் தனி மவுசு உண்டு.

கூட என்ன சாப்பிடுவார்கள்?

சிலிக்காரர்களுக்குப் பிடித்தமான ஜோடி 'பஸ்தெல் தே சோக்லோ'. வெங்காயம், சீரகம் சேர்த்து வதக்கிய கொத்துக்கறி, கோழி, அவித்த முட்டை, ஆலிவ் காய் எல்லாவற்றையும் மண் சட்டியில் அடுக்கி, மேலே அரைத்த சோளத்தைப் பரப்பிச் சுட்டு எடுப்பார்கள். சோளத்தின் இனிப்புக்கும் சீரக மணத்துக்கும் கார்மனேரின் மிளகுச் சுவை பொருந்திப்போகிறது. மாப்பூச்சே பழங்குடி மக்களின் 'மெர்கேன்' எனும் புகையூட்டிய மிளகாய்த்தூள் தடவிச் சுட்ட இறைச்சியும் இதற்கு ஏற்ற துணை.

எப்போது போகலாம்?

ஏப்ரல், மே மாதங்கள் சிலிக்கு இலையுதிர்காலம். கார்மனேர் அறுவடையும் அப்போதுதான். அந்த நேரத்தில் இலைகள் அடர்சிவப்பாக மாறிவிடும். அந்தச் செந்நிறத்துக்கு பிரெஞ்சில் 'கார்மின்' என்று பெயர். கார்மனேர் என்ற பெயர் பிறந்ததும் அதிலிருந்துதான்!

(மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு)